உளி பட்ட பதினோரு மரங்கள்

"பொணம் எங்க கெடக்கு மேடம்?" பைக்கை ஸ்டாண்ட் போட்டுக்கொண்டே கேட்டார் ஆண்டவர்.

"மொத்தம் ஆறு. வெட்டி எடுத்தாச்சாம். இன்னும் பதினொண்ணு இழுத்துக்கிட்டுக் கெடக்கு."

"எல்லாம் மரந்தானே?"

"முந்திரி மரம்."

"அப்ப சரி. காலையில தின்ன பொங்கல் உள்ளயே இருக்கட்டும்."

லாவண்யா சிரிக்கவில்லை. சிரித்தால் இவர் நிறுத்தமாட்டார் என்பது அவளுடைய இரண்டு வருட அனுபவம். பெரம்பலூர் நாலு ரோட்டில் ஒரு செல்போன் கடையின் மாடியில் அவள் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். வருகிற வழக்குகளில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரிப்பு. குடிப்பாரா, சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா, வேறெங்காவது ஒரு குடித்தனம் உண்டா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆண்டவர் அவளுடைய உதவியாளர். முப்பத்தொரு வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற மூன்றாம் நாளே, வீட்டில் உட்கார்ந்து குழம்பில் உப்பு பார்த்துக்கொண்டிருந்த மனிதரை அவர் மனைவியே கூட்டிவந்து லாவண்யாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காத ஆளைச் சொல்லிவிடுவேன் என்பது அவர் பெருமை. நிலையத்தில் சேர்ந்த பிறகு அப்படி முகம் பார்த்து அவர் சொன்ன குற்றவாளிகள் எட்டுப் பேர். எட்டுப் பேரும் நிரபராதிகள்.

முந்தின நாள் ஒரு பெண் குரல் போனில் வந்தது. உடையார்பாளையம் தாண்டி உள்ளே ஒரு ஊர். அமிர்தவல்லி வீட்டிலிருந்து பேசுவதாகச் சொன்னது. தோப்பில் யாரோ மரத்தைக் கொல்கிறார்கள், நாளை சாயங்காலம் நாலு மணிக்குள் யாரென்று சொல்ல வேண்டும் என்றது. அதென்ன நாலு மணி என்று கேட்பதற்குள் வைத்துவிட்டது. அதனால்தான் அரியலூர் தாண்டும் வரைக்கும் சிமெண்ட் லாரிகளின் புழுதியைத் தின்றுகொண்டு இருவரும் வந்து சேர்ந்திருந்தார்கள். ஆண்டவரின் மீசை இப்போது பத்து வயது கூடியிருந்தது.

அமிர்தவல்லி தோப்பு வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பது வயது. கணவர் போன பிறகு ஏழு ஏக்கர் முந்திரியை ஒற்றை ஆளாகக் கட்டி ஆள்கிறவர். பேச்சும் அப்படித்தான் இருந்தது.

"வாங்கம்மா. கண்டுபுடிக்கறதுக்கு ஒண்ணுமில்ல, ஆளு எனக்கே தெரியும். மேக்கால இருக்குற இளையபெருமாளு. சும்மா சொன்னா ஊரு நம்பாதுல்ல, அதான் ஒங்கள கூப்புட்டது."

"அவரு யாருங்க உங்களுக்கு?"

"சம்பந்தி ஆகப்போற மனுசன். ஆகப்போறதில்ல. நாலு மணிக்கு தட்டத் திருப்பி அனுப்பிருவேன்."

நாலு மணியின் விவரம் இப்போது புரிந்தது. அமிர்தவல்லியின் ஒரே மகள் ஜெயசித்ராவுக்கும் இளையபெருமாளின் மகன் தமிழழகனுக்கும் போன வருடம் தை மாதம் நிச்சயம் ஆனது. பங்குனியில் கல்யாணம் என்று நாள் பார்த்திருந்தபோது இளையபெருமாளின் தகப்பனார் காலமாகிவிட்டார். அந்த வீட்டில் ஒரு வருடம் நல்லது செய்யக் கூடாது. இப்போது வருடத் திவசமும் முடிந்து, வைகாசிக்கு என்று பேச்சு. இதற்கிடையில்தான் மரங்கள் சாக ஆரம்பித்தன. நிச்சயத்துக்கு வாங்கிய தட்டைத் திருப்பி அனுப்பினால் அந்த உறவு அத்தோடு முடிந்தது. பிறகு எந்தக் கொம்பனாலும் ஒட்ட வைக்க முடியாது.

"எம்மவதான் ஒரு நாளு பொறுங்கம்மா, வெளியாள வச்சுப் பாத்துருவோம்னா. பாருங்க. பாத்துட்டு அந்தாளு முன்னாடியே சொல்லுங்க."

சற்றுத் தள்ளி ஜெயசித்ரா சீமாறோடு நின்றிருந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எனக்கு அந்தப் பொண்ணு மேல சந்தேகம்," என்று காதோரம் சொன்னார் ஆண்டவர். "தரையவே பாக்குது. டிக்கெட் எடுக்காதவங்க அப்படித்தான் பாப்பாங்க."

"ஒம்பது," என்றாள் லாவண்யா.

முதல் மரத்தருகே போனார்கள். அடிமரத்தில் மண்ணை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்குப் பட்டை செதுக்கப்பட்டிருந்தது. உளி பட்ட காயம். காயத்தைச் சுற்றிச் சிவந்த பிசின் வழிந்து உறைந்திருந்தது. கீழே மாவு போல மரத்தூள். கிட்டே குனிந்தால் குப்பென்று ஒரு நெடி.

"பாத்தீங்களா," என்றார் அமிர்தவல்லி. "தூரக் குடைஞ்சு வெசத்த ஊத்தியிருக்கான். பதினோரு மரத்துலயும் இதே கத. எவனும் இல்லாத நேரம் பாத்து விடியக்கால வர்றான். ரெண்டு தடவ முதுகப் பாத்துட்டேன், மூஞ்சிய பாக்க முடியல."

லாவண்யா காயத்தைப் பார்த்ததைவிடத் தரையைத்தான் அதிக நேரம் பார்த்தாள். செம்மண்ணில் வட்டமாக ஒரு தடம். சாப்பாட்டுத் தட்டு அகலம். அடுத்த மரத்தடியிலும் அதே வட்டம். அதற்கடுத்ததிலும்.

"யாரோ இங்க வந்து தோச சுட்டிருக்காங்க," என்றார் ஆண்டவர்.

"தோப்ப ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்கம்மா," என்றாள் லாவண்யா.

"கொட்ட விழுற பருவம் வருதுல்ல. கீழ சருகு கெடந்தா கொட்ட எங்க தெரியும்? எம்மவதான் தெனம் காலையில ஏழு ஏக்கரையும் கூட்டுவா."

லாவண்யா தலையாட்டிக்கொண்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து தோப்பை வரைய ஆரம்பித்தாள். கிழக்கே அமிர்தவல்லியின் வீடு. மேற்கே வேலி, அதற்கப்பால் இளையபெருமாளின் கொல்லை. தெற்கே அரசாங்கத்தின் முந்திரிக் காடு. செத்த ஆறு மரங்களுக்கு ஆறு பெருக்கல் குறி, காயம்பட்ட பதினொன்றுக்கு வட்டம். வெட்டிய அடிக்கட்டைகள் ஆறையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு வந்து, தாளை ஆண்டவரிடம் நீட்டினாள்.

"அண்ணே, என்ன தெரியுது?"

ஆண்டவர் தாளைத் தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்து, கடைசியில் கண்ணாடியை மாட்டினார். "எல்லாம் கெழக்காலயே கெடக்கு. வூட்டு ஓரமா."

"மேக்க வேலிய ஒட்டி?"

"ஒண்ணுகூட இல்ல." அவர் முகம் மாறியது. "இது ஒதைக்குதே மேடம். மேக்கருந்து திருட்டுத்தனமா வர்ற ஆளு, வேலியோரம் இருக்குற மரத்த எல்லாம் விட்டுட்டு வூட்டு வாசல் வரைக்கும் ஏன் நடக்கணும்? படிக்கிட்டயே சீட்டு காலியா இருக்கறப்ப எவனாச்சும் கடைசி சீட்டுக்குப் போவானா?"

"அதான். இன்னொண்ணு. செத்துப்போன ஆறு கட்டையிலயும் உளி படவே இல்ல. உளி பட்ட பதினொண்ணும் இன்னும் பச்சையா நிக்குது."

"வெசம் மெல்லத்தான் ஏறும்," என்றார் அமிர்தவல்லி. பத்து வாதம் வைத்தாலும் பதினோராவது பதில் அவரிடம் இருக்கும் போலிருந்தது.

மணி இரண்டேகால். லாவண்யா மேற்கு நோக்கி நடந்தாள்.

இளையபெருமாள் அறுபதைத் தாண்டியவர். வீட்டு வாசலில் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து கொடுவாள் தீட்டிக்கொண்டிருந்தார். எழுந்திருக்க முயன்று, வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"முட்டி மடக்க முடியலிங்க. குத்த வச்சு உக்காந்தே நாலு வருசமாச்சு. சொல்லுங்க, யாரு நீங்க?"

லாவண்யா பதில் சொல்லும் முன்பே ஆண்டவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாளியின் வாயகலத்தை அளந்தார். மரத்தடியில் அளந்து துண்டில் போட்டிருந்த முடிச்சு கச்சிதமாகப் பொருந்தியது. அவர் முகத்தில் வந்த பிரகாசத்தைப் பார்த்தால், எட்டு நிரபராதிகளும் அவரை மன்னித்திருப்பார்கள்.

"ஐயா, காலைல இந்த வாளியோட எங்க போனீங்க?" என்று கேட்டார் ஆண்டவர்.

இளையபெருமாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் போலும். கொடுவாளைக் கீழே வைத்தார்.

"அமிர்தவல்லி தோப்புக்கு."

"உளியோட?"

"ஆமாங்க."

"பிடிச்சாச்சு," என்றார் ஆண்டவர் மெதுவாக.

"அண்ணே, கொஞ்சம் இருங்க. ஐயா, அந்த நெடி வேப்பெண்ணதானே? மரத்துக்குள்ளருந்து என்னத்த எடுத்தீங்க?"

இளையபெருமாள் உள்ளே கை நீட்டி, நிலைப்படி ஓரத்தில் இருந்த ஓர் ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்து வைத்தார். உள்ளே மண்ணெண்ணெயில் மிதந்தன கட்டைவிரல் தண்டி வெள்ளைப் புழுக்கள். முப்பதுக்குக் குறையாது. ஆண்டவர் காலையில் தின்ன பொங்கலை இப்போதுதான் நினைத்துக்கொண்டார்.

"தண்டு தொளப்பான். வண்டு தூருல முட்ட வச்சுட்டுப் போயிரும். புழு உள்ளயே தின்னுக்கிட்டு வேருக்கு எறங்கும். தூளும் பிசினும் கண்டா அன்னிக்கே செதுக்கிப் புழுவ எடுத்துட்டு வேப்பெண்ண அடிக்கணும். எல மஞ்சளாயிருச்சுன்னா முடிஞ்சுது. அரசாங்கக் காட்டுல இருபத்தாறு வருசம் வாட்சரா இருந்தேங்க. அங்க ஒரு மரம் காஞ்சா மறுநாளு நிக்காது. வெட்டி, வேரோட பேத்து, அங்கனயே எரிச்சுருவோம். அத வெறகாகுமேன்னு ஆசப்பட்டு எடுத்து வச்சா..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"வச்சா?"

"ஒண்ணுமில்லிங்க."

"நீங்க அந்தம்மாவுக்கு நல்லதுதானே செய்றீங்க. சொல்லிட்டுச் செய்யலாம்ல? உங்க மேல போலீசுக்குப் போகப் போறாங்க. நாலு மணிக்குத் தட்டு திரும்பி வருது."

தட்டு என்றதும் அவர் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

"தெரியுங்க. ஆனா நான் அதச் சொல்லக் கூடாது. எங்கப்பன் செத்து ஏற்கெனவே கல்யாணம் ஒரு தடவ நின்னுபோச்சு. மறுபடியும் என் வாயாலயே வந்துச்சுன்னா, மாப்புள வூட்டுக்கு இஷ்டமில்லன்னு ஆயிரும். அந்தப் பொண்ணு ஒரு வருசமா காத்திருக்கு. பழி எம்மேலயே இருக்கட்டும்."

கொடுவாளை எடுத்து மறுபடி தீட்ட ஆரம்பித்தார்.

திரும்பி வரும் வழியில் ஆண்டவர் குழம்பிப்போயிருந்தார். "புழுவுக்கும் கல்யாணத்துக்கும் என்ன மேடம் சம்பந்தம்? புழுதான் மாப்புளயா?"

"அண்ணே, இந்தப் பக்கம் கல்யாண வூட்ல நல்ல நாள் பாத்து மொதல்ல என்ன செய்வாங்க?"

"பந்தக்கால் நடுவாங்க."

"அதுக்கும் முன்னாடி."

ஆண்டவர் பத்தடி நடந்தார். பிறகு நின்றுவிட்டார். முப்பத்தொரு வருடம் இந்த ஊர்களின் வழியாகவே பஸ்ஸில் போய் வந்தவருக்கு அது தெரியாமல் இருக்குமா? "அடக் கொடுமையே," என்றார்.

மணி மூன்றரை. அமிர்தவல்லியின் வீட்டுக் கூடத்தில் தாம்பாளம் தயாராக இருந்தது. தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள், மடித்த பட்டுப்புடவை. எடுத்துக்கொண்டு போக ஒரு பங்காளி வீட்டுப் பையன் வருவதாக இருந்தது. லாவண்யா கூடத்தில் நிற்காமல் நேராகக் கொல்லைப்புறம் போனாள். கிழக்கு மூலையில், மாட்டுக் கொட்டகையை ஒட்டி, ஆள் உயரத்துக்கு முந்திரி விறகு அடுக்கியிருந்தது. அழகான அடுக்கு. முன்பக்கக் கட்டைகளில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

அமிர்தவல்லி பின்னாலேயே ஓடிவந்தார். "அதத் தொடாதீங்கம்மா. கல்யாண வெறகு. நாளு பாத்து அடுக்கி மஞ்ச வச்சாச்சு. கல்யாண அடுப்புலதான் பிரிக்கணும். நடுவுல கலைச்சா கல்யாணமே கலைஞ்சு போவும்."

"தொடலம்மா. எப்ப அடுக்குனது?"

"போன வருசம் தையில. அப்ப ரெண்டு கெழட்டு மரம் காஞ்சுபோச்சு. நல்ல வெறகு, வெட்டி அடுக்குனோம். பெறகு செத்த ஆறையும் அது மேலயே அடுக்கிட்டேன். நாலு பந்திக்குக் காணணும்ல."

"நீங்க அடுக்குனது, நீங்க தொடலாம்ல? காத மட்டும் வச்சுப் பாருங்க."

அமிர்தவல்லி அவளை விநோதமாகப் பார்த்தார். ஆனாலும் கன்னத்தைக் குங்குமத்தில் படாமல் சாய்த்துக் காதை வைத்தார். ஆண்டவர் பேசாமல் இருந்த அபூர்வமான அரை நிமிடம் அது.

கறுக். கறுக். கறுக்.

அமிர்தவல்லி காதை எடுத்தார். இன்னொரு கட்டையில் வைத்தார். அங்கேயும் அதே சத்தம். உள்ளே யாரோ நிதானமாக முறுக்கு தின்பது போலிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மஞ்சள் பூசிய ஒரு கட்டையின் ஓட்டையிலிருந்து நீண்ட மீசையோடு செம்பழுப்பு நிற வண்டு ஒன்று வெளியே வந்தது. வெயில் பார்த்தது. பக்கத்து மரத்தை நோக்கிப் பறந்தது.

"கொலைகாரன் முகூர்த்தத்துக்கு வந்தவன் மாதிரி மஞ்ச குங்குமத்தோட போறான் பாருங்க," என்றார் ஆண்டவர்.

லாவண்யா மெதுவாகச் சொன்னாள். "நோய் மரத்த எரிக்காம இங்கயே அடுக்கி வச்சீங்க. வண்டு பொறிச்சு, பக்கத்துல இருக்குற மரமா பாத்து ஏறுச்சு. அதனாலதான் வூட்டோரம் மொதல்ல செத்துச்சு. செத்ததையும் இங்கயே அடுக்குனீங்க. உளி வச்சவரு வைத்தியம் பாத்திருக்காரும்மா. அவரு இல்லன்னா பதினொண்ணும் இந்நேரம் இந்த அடுக்குலதான் இருக்கும்."

அமிர்தவல்லி தரையில் உட்கார்ந்துவிட்டார். அவமானம் என்றால் அப்படி ஓர் அவமானம். இரண்டு மாதமாக ஒரு மனிதனை ஊர் முழுக்கத் தூற்றியிருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சும் அந்த மனுசன் ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"மாப்புள வூட்டுக்காரரு வந்து, கல்யாண வெறகப் பிரிச்சு எரிங்கன்னு சொல்ல முடியுமா? சொன்னா நீங்க என்ன நெனைப்பீங்க?"

என்ன நினைத்திருப்பார் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"இது அவருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயமும் இல்ல," என்று லாவண்யா திரும்பினாள். "ஜெயசித்ரா, ஏழு ஏக்கரையும் தெனம் கூட்டுற. ஒரு சருகு கெடக்கல. ஆனா பதினோரு மரத்தடிய மட்டும் கூட்டல. தூளு, வாளித் தடம், எல்லாம் அலுங்காம இருந்துச்சு. மறந்துபோச்சுன்னா ஒண்ணு ரெண்டு மறக்கலாம். பதினொண்ணையும் கணக்கா மறக்க முடியாது. நேத்து போன் பண்ணது நீ. விடையத் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தானே எங்கள வரச் சொன்ன?"

ஜெயசித்ரா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் பயம் கொஞ்சமும் இல்லை.

"ஆமாக்கா. மாமா செதுக்குறத நான் மார்கழியிலயே பாத்துட்டேன். நான் சொன்னா, அதுக்குள்ள புருசன் வூட்டுக்குப் பரிஞ்சு பேசுறேம்பாங்க. அவரு சொன்னா, கல்யாணத்த நிறுத்தப் பாக்குறாரும்பாங்க. யாராச்சும் வெளியாளு கண்டுபுடிச்சாத்தான் அம்மா கேப்பாங்க."

ஆண்டவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், நான் மொதல்லயே சொன்னேன்ல, அந்தப் பொண்ணு மேல சந்தேகம்னு. ஒம்பதாவது கேசுல ஜெயிச்சுட்டேன்."

ஆனால் சிக்கல் தீரவில்லை. வைகாசிக்கு இன்னும் முழுசாக இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. அதற்குள் அடுக்கில் இருக்கும் வண்டெல்லாம் வெளியே வந்துவிடும். தோப்பும் போகும், தெற்கே அரசாங்கக் காடும் போகும். விறகை இப்போதே எரிக்கலாம் என்றால் அமிர்தவல்லியின் கை அதற்குத் துணியாது. மகளின் கல்யாண விறகை எந்தத் தாய் வெறுங்காட்டில் போட்டுக் கொளுத்துவாள்? வண்டு பற்றி என்ன சொன்னாலும் அந்தப் பயம் அறிவுக்குக் கட்டுப்படுவது இல்லை. லாவண்யாவுக்கு அது புரிந்தது.

அமிர்தவல்லி எழுந்தார். முந்தானையை உதறிச் செருகினார். விடுவிடுவென்று கூடத்துக்குப் போய், பங்காளி வீட்டுப் பையன் வரக் காத்திருக்காமல் தாம்பாளத்தைத் தானே தூக்கிக்கொண்டு மேற்கே நடந்தார்.

"அம்மா," என்று ஜெயசித்ரா பின்னால் ஓடினாள். அவ்வளவு கணக்காகத் திட்டம் போட்ட பெண்ணுக்கு இந்தத் திருப்பம் தெரியவில்லை. லாவண்யாவுக்கும் தெரியவில்லை.

வேலிக்கப்பால் இளையபெருமாள் நின்றிருந்தார். தாம்பாளத்தோடு வருகிறவரைப் பார்த்ததும் அவர் முகம் இருண்டது. துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும் தட்டை வாங்கிக்கொள்ளத் தயாராகிவிட்டார்.

அமிர்தவல்லி வேலிக்கு இந்தப் பக்கமே நின்றார். தட்டை நீட்டவில்லை.

"மாசி முடியறதுக்குள்ள இன்னும் ஒரு முகூர்த்தம் இருக்காம். வர்ற புதன்கெழம. பத்திரிக அடிக்க நேரமில்ல, வாயால அழைச்சுக்குவோம். அதுவரைக்கும் அடுக்க வலையப் போட்டு மூடி வைக்கிறேன்." தாம்பாளத்தை இடுப்பில் தாங்கிக்கொண்டார். "ஒங்கள நான் பேசுனதெல்லாம் தப்பு. அத இன்னொரு நாளு தனியா கேட்டுக்குறேன். இப்ப சொல்லுங்க, ஒங்க பக்கம் எத்தன பேருக்கு எல போடணும்?"

இளையபெருமாள் அமிர்தவல்லியைப் பார்த்தார், பின்னால் மூச்சிரைக்க நின்ற ஜெயசித்ராவைப் பார்த்தார், அவர்களுக்குப் பின்னால் தூரத்தில் ஆள் உயர விறகு அடுக்கு இருந்த திசையைப் பார்த்தார்.

"எங்க சனம் நூத்தம்பது பேருதாங்க," என்றார். "ஆனா நீங்க ஐநூறு பேருக்குச் சமைங்க. அம்புட்டு வெறகும் எரியணும்."